பேர்ட் என்றால் பறவைதானே?

கேள்வி: எட்டாம் தரத்தில் படிக்கும் என் மகன் வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் 'பேர்ட்' காட்டினானாம். ஆசிரியை கொப்பியில் எழுதி அனுப்பியிருக்கிறார். பேர்ட் என்றால் பறவைதானே? கேட்டால் 'சும்மா பகிடிக்கு' என்கிறான்.
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சொல் பறவைதான், காட்டியது நடுவிரல். மற்ற விரல்களை மடக்கி, அதை மட்டும் நிமிர்த்தி, புறங்கையை எதிராளி பக்கம் திருப்புவது. நிமிர்ந்த விரல் ஆண்குறி, பக்கத்தில் மடங்கியிருப்பவை விதைகள். வாயால் சொன்னால் முழுத் தூஷணம். இதை ஒளித்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பெரியவர்கள் அர்த்தத்தைச் சொல்லாமல் விட்டதால்தான் பிள்ளைகளுக்கு இது பகிடியாகிவிட்டது.

பழைய உரோமர் இந்த விரலை 'நாணமற்ற விரல்' என்றே அழைத்தார்கள். 1886இல் எடுத்த பொஸ்டன் பேஸ்போல் அணியின் படமொன்றில் சார்ல்ஸ் ராட்போர்ன் என்ற வீரர் அதை நீட்டிக்கொண்டு நிற்கிறார். பறவைப் பெயர் ஒட்டியது பிந்தித்தான். நடிப்புப் பிடிக்காவிட்டால் அந்தக் காலத்து இங்கிலாந்து நாடகக் கொட்டகைகளில் சனம் வாத்துப் போலச் சீறியது. அந்தச் சீறலுக்கு வைத்த 'பேர்ட்' என்ற பெயர், 1960களில் அமெரிக்காவில் விரலுக்கு மாறிவிட்டது. தமிழில் நடுவிரலுக்குப் பாம்புவிரல் என்று ஒரு பெயர் உண்டு. அதில் எந்த அசிங்கமும் இல்லை.

போன கிழமை பம்பலப்பிட்டிச் சந்தியில் ஒரு 100 ஆம் இலக்க பஸ், ஓட்டோ ஒன்றை உரசுவதுபோல் முந்திக்கொண்டு போனது. ஓட்டோக்காரர் கையை வெளியே நீட்டி விரலைக் காட்டினார். பஸ் சாரதி திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்தது ஜன்னலோரம் இருந்த வெள்ளைச் சீருடைப் பிள்ளை. சட்டென்று தலையைக் குனிந்து, மடியிலிருந்த புத்தகப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அன்று முழுக்க மனம் சரியில்லை.

சொல்லாலோ செயலாலோ ஒருவருக்குப் பாலியல் தொல்லை கொடுப்பது, 1995இல் திருத்திய இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். இதையும் மகன் தெரிந்துகொள்ளட்டும்.

அடிக்க வேண்டாம். அவனைப் பக்கத்தில் இருத்தி, நான் மேலே எழுதிய அர்த்தத்தை அப்படியே சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம், யாருக்குக் காட்டினான் என்று கேளுங்கள். ஆசிரியைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினால் மட்டும் போதாது. நாளைக்கு இடைவேளையில் அந்தப் பிள்ளையிடம் அவனே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.