சீசனுக்கு முன்னால் சில கேள்விகள்: குன்னூரில் ஒரு நகர்மன்ற உறுப்பினரின் பதில்கள்

பங்குனி வந்தாலே வார்டில் என்னைத் தேடி வரும் சீட்டுகள் கூடிவிடும். மாசி வரை பனி, குளிர் என்று பொறுத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீர், குப்பை, ரோடு என்று ஆரம்பிப்பார்கள். இந்த முறை வந்ததில் பலருக்கும் பொதுவானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எது நகராட்சி வேலை, எது வேறு துறை வேலை என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். பாதிப் புகார்கள் தவறான மேசையில்தான் தூங்குகின்றன. பாதிச் சீட்டுகளில் "கவுன்சிலர் சார்" என்றே எழுதியிருக்கிறீர்கள். ஓட்டுக் கேட்டு வாசல் வாசலாக வந்தது நான்தானே!

மேடம், ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்தது. ரேலியா அணை நிரம்பியது என்றார்கள். பிறகு ஏன் பங்குனியில் குழாய் இப்படிச் சொட்டுகிறது?

நிரம்பியது உண்மைதான். ஆனால் ரேலியா பெரிய அணை இல்லை. வெள்ளைக்காரன் காலத்து ஊருக்குக் கட்டியது. நாற்பதடிக்குக் கொஞ்சம் மேல் ஆழம். அதிலிருந்து இன்றைய ஊரும், லாட்ஜுகளும், சீசன் கூட்டமும் குடித்தால் வைகாசி வரை எப்படி வரும்? பந்துமி, ஜிம்கானா, கரன்சி, கிரேஸ்ஹில் தடுப்பணைகள் கைகொடுக்கும். ஆனால் அவை சின்ன ஓடைகளை நம்பியவை, வெயில் ஏறினால் முதலில் மெலிவதும் அவைதான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. நமக்கு முக்கியமான மழை வடகிழக்குப் பருவமழை. எமரால்டு, அவலாஞ்சி பக்கம் நிறைவது தென்மேற்குப் பருவமழையில். அங்கிருந்து நமக்குத் தண்ணீர் கொண்டுவரும் எமரால்டு திட்டத்தின் பெரிய லாபமே இதுதான்: ஒரு மழை பொய்த்தாலும் இன்னொன்றை நம்பி இருக்கலாம். சங்கடம் என்னவென்றால் எமரால்டு தண்ணீர் மோட்டாரை நம்பி வருவது. கரன்ட் போனாலும் மோட்டார் பழுதானாலும் முறை தள்ளிப்போகும். அப்படித் தள்ளும் நாளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் பகுதியில் நான் பார்த்தது வேறு. தண்ணீர் விடும் அன்று படிக்கட்டில் ஏறி வந்தேன். கீழ் வரிசையில் இரண்டு வீட்டில் குழாயோடு நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். மேல் வரிசைக்கு வருவது காற்று மட்டும். யார் வீடு என்று இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் நகராட்சி ஊழியர் பறிமுதல் செய்ய வந்தால் எனக்கு போன் செய்யாதீர்கள்.

அந்த வளைவில் கசியும் பைப்பைப் பற்றி மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். இப்படி எழுதுவதுதான் வேண்டும். எந்தப் படிக்கட்டு, எந்தக் கதவு எண் எதிரில், எத்தனை நாளாக என்று இருந்தால் ஃபிட்டர் நேராக வந்து நிற்பார். "எங்க ஏரியாவில் லீக்" என்று மட்டும் எழுதினால் அவர் எங்கே போய்த் தேடுவார்?

தண்ணீர் வராத நாளில் ஊற்றில் பிடிப்பவர்கள் அதைத் துவைக்க, கழுவ வைத்துக்கொள்ளுங்கள். குடிப்பதற்கென்றால் நன்றாகக் கொதிக்க வையுங்கள். மேலே வீடுகள் பெருகிவிட்டன, பாட்டி காலத்து ஊற்று இல்லை இது.

அக்கா, திருப்பூரிலிருந்து தங்கை குடும்பம் தந்தி மாரியம்மன் திருவிழாவுக்கு வருகிறது. சொந்தக்காரர்களுக்கும் இ-பாஸ் வேண்டுமா?

வேண்டும். சொந்தமா சுற்றுலாவா என்று சாவடியில் பிரிக்க முடியாது. நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறைக்கு வந்தது இது. 2025 சீசனில் வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வெளியூர் வண்டிகள் என்று எண்ணிக்கைக்கும் வரம்பு விதித்தார்கள். அதனால் தேர் அன்றைக்குக் காலையில் பதிவு செய்துகொள்ளலாம் என்று அசட்டையாக இருக்க வேண்டாம். பதிவு இலவசம். கல்லாறு சாவடியில் யாராவது பணம் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. அரசு பஸ்ஸில் வந்தால் இந்தத் தொல்லையே இல்லை. குழந்தைகளோடு வருகிறார்கள் என்றால் எனக்கு பஸ்தான் மேல் என்று படுகிறது, திருவிழா நாளில் வண்டி நிறுத்த இடம் எங்கே கிடைக்கப்போகிறது!

நம் மாவட்டப் பதிவான டிஎன் 43 எண் வண்டிகளுக்கு இது தேவையில்லை. இங்கேயே குடியிருந்து கோயம்புத்தூர் எண் வண்டி வைத்திருப்பவர்கள் ஆர்.சி., இன்சூரன்ஸ், முகவரிச் சான்றோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உள்ளூர் பாஸுக்கு விண்ணப்பியுங்கள். சீசன் தொடங்கிய பிறகு போனால் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

தங்கையிடம் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வர வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள். தூக்கில், சில்வர் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லுங்கள். அன்னதானம் போடும் உபயதாரர்களுக்கும் இதே வார்த்தை. பாக்கு மட்டைத் தட்டு போதும், பிளாஸ்டிக் பூச்சு போட்ட காகிதத் தட்டு வேண்டாம். மறுநாள் காலை அந்தத் தெருவைக் கூட்டுகிறவர்களும் நம் வார்டு ஆட்கள்தான்.

எங்கள் முக்கில் ஒரு பெரிய குப்பைத் தொட்டி வைத்துத் தரக் கூடாதா? வண்டி வரும் நேரத்துக்கு நாங்கள் வீட்டில் இருப்பதில்லை.

மாட்டேன். மன்னிக்கவும், இதில் வளைந்து கொடுக்க முடியாது.

இருந்த தொட்டியை ஏன் எடுத்தோம் என்று மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ராத்திரி கரடி வந்து அதைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, பிரியாணிப் பொட்டலத்தையும் எண்ணெய் பாக்கெட்டையும் நக்கிக்கொண்டிருந்தது. கரடிக்கு எண்ணெய் வாசனை போதும். கோயில் விளக்கெண்ணெய், பேக்கரி, சத்துணவுக் கூடம் என்று அது தேடிப்போகும் இடம் எல்லாம் அப்படிப்பட்டவைதான். ஒரு முறை ருசி கண்ட இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். பிறகு காட்டு மாடு, குரங்கு, தெருநாய். நாய் கூடினால் அதைத் தேடிச் சிறுத்தை. ஒரு தொட்டியில் ஆரம்பிப்பது இதெல்லாம்.

வேலைக்குப் போகிறவர்களின் கஷ்டம் புரிகிறது. தேயிலைத் தோட்டத்துக்கு ஏழு மணிக்குப் போகிறவர் எட்டரை மணி வண்டிக்கு எப்படி நிற்பார்? அதற்காகத்தான் வாரத்தில் இரண்டு நாள் சாயங்கால வண்டி கேட்டு எழுதியிருக்கிறேன். கிடைத்தால் சொல்கிறேன், இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது. அதுவரை பக்கத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவைக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மக்கும் குப்பையைத் தோட்டத்தில் புதைக்கலாம். ஆனால் மீனும் எலும்பும் புதைத்தால் காலையில் குழி தோண்டிக் கிடக்கும்.

பிரித்துக் கொடுப்பதைப் பற்றி ஒரு வரி. நாப்கின், டயப்பர், மருந்து, பிளேடு இவற்றைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். குப்பை பிரிக்கும் ஓட்டுப்பட்டறையில் போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். அங்கே ஒரு பெண் கையுறையோடு இதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் தனியே வைக்கிறார்.

காட்டு மாடு வாசலில் நின்றால் கல்லெறியாதீர்கள், செல்போனோடு கிட்டே போகாதீர்கள். அது சாதுவாக மேய்வது போலத் தெரியும். திரும்புவது ஒரு நொடிதான். வனத்துறைக்குச் சொல்லுங்கள், எனக்குச் சொன்னால் நானும் அவர்களுக்குத்தான் சொல்லப்போகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் மண் சுவர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மழைக்கு முன் ஜேசிபி வைத்துச் செதுக்கிவிட்டு கான்கிரீட் சுவர் கட்டலாமா?

சுவர் கட்டலாம். ஜேசிபி கூடாது. இந்த மாவட்டத்தில் பொக்லைன், ஜேசிபி இறக்க வருவாய்த் துறையின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் ஓட்டினால் வண்டியைப் பிடிப்பார்கள், உங்கள் மேலும் வழக்கு வரும். "ராத்திரியில் ரெண்டு மணி நேரம்தானே" என்று ஒருவர் கேட்டார். சரிவின் அடியைச் செதுக்கினால் மேலே இருப்பது எதன் மேல் நிற்கும்? 2009 நவம்பரில் இந்த மலையில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அந்த மழையை நேரில் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

சுவரைத் தள்ளுவது பெரும்பாலும் மண் மட்டுமில்லை, மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர். பழைய கருங்கல் அடுக்குச் சுவர்கள் நிற்பதற்குக் காரணம், கல் இடுக்கில் தண்ணீர் வடிந்துவிடும். இப்போது பூசி மெழுகி அழகாகக் கட்டுகிறார்கள், ஒரு துளைகூட இல்லை. இரண்டு மழையில் சுவர் கர்ப்பிணி வயிறு போல முன்னால் தள்ளுகிறது. மேஸ்திரியிடம் நீங்களே நின்று கேளுங்கள்: நாலடிக்கு ஒன்றாக வீப் ஹோல், அதாவது தண்ணீர் வடியும் துளை, விட்டாரா, சுவருக்குப் பின்னால் ஜல்லி போட்டாரா, அஸ்திவாரம் கெட்டி மண்ணைத் தொட்டதா? சுவர் உயரமாக வருமென்றால் மேஸ்திரியோடு விடாதீர்கள், ஒரு இன்ஜினியரைக் காட்டுங்கள்.

அதைவிட முதலில் குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். உங்கள் வரிசையில் நாலு வீட்டுக் கழிவுநீர்க் குழாய் சரிவில் அப்படியே திறந்து விடப்பட்டிருக்கிறது. வருடம் முழுக்க நீங்களே மழை பெய்துகொண்டிருக்கிறீர்கள். அதை ஓடைக்கால்வாயில் சேர்க்க இந்த வெயில் மாதங்கள்தான் நேரம். பொதுக் கால்வாய் தூர்வாருவது நகராட்சி வேலை, உங்கள் பகுதிக்குச் சித்திரைக்குள் முடிக்கக் கேட்டிருக்கிறேன்.

வெடிப்பு விரலளவு பெருகினால், கதவு திடீரென்று மூடமாட்டேன் என்று மக்கர் செய்தால், தெளிந்த ஊற்று கலங்கி வந்தால் காத்திருக்க வேண்டாம். மாவட்ட அவசர எண் 1077-க்கு அழையுங்கள், அன்றிரவு வேறு வீட்டில் படுங்கள்.

சொத்து வரியில் ஏதோ தள்ளுபடி என்கிறார்களே?

ஏப்ரல் 30-க்குள் முதல் அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் ரூ.5,000. இணையத்திலும் கட்டலாம். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கிவிட்டார்கள். ராத்திரி ஒரு மணிவரை ஸ்பீக்கர். குழந்தைகளுக்குப் பரீட்சை.

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது, அது சட்டம். அந்த நேரத்திலேயே போலீஸுக்கு அழையுங்கள். மறுநாள் என்னிடம் வந்து சொன்னால் சத்தம் போயிருக்கும், சாட்சியும் போயிருக்கும். அந்த வீடு சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றதா, வணிக வரி கட்டுகிறதா, வணிக மின் இணைப்பு இருக்கிறதா என்பது தனிக் கேள்விகள். எழுத்தில் கொடுத்தால் நகராட்சி ஆய்வுக்கு நான் எடுத்துச் செல்கிறேன். முறையாக நடத்துகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, பல குடும்பங்களின் பிழைப்பு அது.

கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரத்தை நாங்களே வெட்டிக்கொள்ளலாமா?

உங்கள் பட்டா நிலத்து மரமானாலும் முடியாது. மலைப்பகுதி மரங்களுக்கு 1955 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. அபாய மரம் என்று கோட்டாட்சியருக்கு மனுக் கொடுங்கள், மரமும் கூரையும் ஒன்றாகத் தெரியும் போட்டோவோடு. மனுவின் நகலை எனக்கும் கொடுங்கள், பின்தொடர்கிறேன்.

சீசனில் ஒன்வே போட்டால் கோத்தகிரி பஸ் எந்தப் பக்கம்?

வழக்கமாக மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகள் பர்லியார், குன்னூர் வழியாகவும், இறங்குபவை கோத்தகிரி வழியாகவும் விடப்படும். எந்த நாளிலிருந்து என்பதைக் காவல்துறைதான் அறிவிக்கும். மேட்டுப்பாளையத்தில் ஆஸ்பத்திரி, ரயில் என்று நேரம் பார்த்துப் போகிறவர்கள் இறங்கும் வழி சுற்று என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாவது முன்னால் கிளம்புங்கள்.