கையெழுத்துக்கு முன் கணக்கு

கேள்வி: எனக்கு 23 வயது. இராமநாதபுரம் கடற்கரையில் மீனவர் குடியிருப்புகள் நிறைந்த ஓர் ஊராட்சியில் வசிக்கிறேன். 2025 ஆகஸ்ட் 15 அன்று முதன்முறையாகக் கிராம சபைக்குப் போய், எங்கள் தெருக்குழாயில் ஏன் தண்ணீர் வருவதில்லை, அம்மா இன்னும் ஏன் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அலைகிறார் என்று கேட்டேன். "முதல்ல கையெழுத்துப் போடு தம்பி, அப்புறம் பேசலாம்" என்றார்கள். அப்புறம் பேசவே இல்லை. என் வயதினர் உள்ளாட்சியை எதற்காக நம்ப வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நம்புங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் இறுதியில்தான் தேர்தல் நடந்தது. அப்போது உங்களுக்கு 18 வயது நிரம்பியிருக்காது. அன்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, உங்கள் மாவட்டத்து ஊராட்சிகள் மறுபடியும், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதில் நிர்வகிக்கும் அரசு அதிகாரிகளான தனி அலுவலர்களிடம் போயின. ஊராட்சித் தேர்தலில் ஒருமுறைகூட வாக்களிக்க வாய்க்காதவருக்கு நம்பிக்கை வரவில்லை என்றால், அதை இளைஞர்களின் அலட்சியம் என்று பேசுவது நியாயமில்லை.

ஆனால் உங்கள் ஊர் எதையுமே நம்பாத ஊர் அல்ல. கடலோர ஊர்களில் ஊர்க் கமிட்டி திருவிழா வரி வசூலித்து, விழா முடிந்ததும் பந்தல், மைக்செட், விளக்குக்கு ஊற்றிய எண்ணெய் வரை கணக்கை வாய்விட்டு வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொகை இடித்தால் கூட்டத்தில் யாராவது எழுந்துவிடுவார். (அங்கே உங்கள் அம்மாவுக்கு இடமுண்டா என்பது வேறு கேள்வி, கிராம சபையிலோ வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் உறுப்பினர்கள்.) அந்த வாசிப்பைத்தான் ஊராட்சியிடமும் கேட்க வேண்டும். வரவு செலவுச் சுருக்கத்தைக் காட்டும் படிவம் 30 கிராம சபையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டியது; தனி அலுவலர் காலத்திலும் அப்படித்தான். அதில் குடிநீர்ப் பராமரிப்புக்கு எவ்வளவு எழுதியிருக்கிறார்கள், மோட்டார் பழுது எந்த மாதத்துச் செலவு என்று கேளுங்கள். மோட்டார் ஓடாத நாட்கள் உங்கள் அம்மாவுக்குத் தேதியோடு நினைவிருக்கும்.

"மேலேயிருந்தே தண்ணீர் வரவில்லை" என்ற பதில் வரலாம். காவிரிக் கூட்டுக் குடிநீரை ஊராட்சியின் தொட்டி வரை கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலை, அங்கிருந்து தெருவுக்கு விடுவது ஊராட்சியின் வேலை. ஆகவே தொட்டிக்கு வந்ததா, வந்தும் தெருவுக்கு வரவில்லையா என்று பிரித்துக் கேட்டால் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவது கடினம்.

கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சபை செல்லுபடியாக மக்கள்தொகைக்கேற்பக் குறைந்தபட்ச வருகை வேண்டும் என்பதால்தான் அந்த அவசரம். நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரைக்கே பதிவேடு வந்து சேர்ந்ததை நானே கண்டிருக்கிறேன். நீங்கள் ஒப்பமிடுவது வருகைத் தாளிலா, தீர்மானப் பதிவேட்டின் வெற்றுப் பக்கத்திலா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

ஆகஸ்ட் 15 தீர்மானங்களின் நகலை இப்போதே கேளுங்கள். தர மறுத்தால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள்; 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உங்கள் குழாய்க் கேள்வி அந்த நகலில் இல்லையென்றால், உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1 அன்று கூடும் சபைக்கு அதை எழுத்தில் முன்கூட்டியே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள்.