சின்னக் கடையின் வாசலில்: கேள்வியும் பதிலும்

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், முள்ளியவளைக்கு அண்மையில் 2011 ஆம் ஆண்டு முதல் ஒரு பலசரக்குக் கடையை நடத்தி வருகிறேன். போருக்குப் பின் மீள்குடியேறி வந்த நாட்களில் நான்கு தகரத்தையும் ஒரு தராசையும் வைத்துத் தொடங்கினேன். இன்று சீமெந்துச் சுவரும் குளிர்சாதனப் பெட்டியும் வந்துவிட்டன என்றாலும், கடையின் அளவு அதே பத்தடிக்குப் பன்னிரண்டடிதான். கடை நடத்துவதில் இருக்கும் மகிழ்ச்சியைப் பற்றிப் பலரும் கேட்ட கேள்விகளுக்கு, என் அனுபவத்தில் இருந்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தங்கை: அக்கா, வீட்டு முன்றலில் கடை போட எண்ணியிருக்கிறேன். நாள் முழுவதும் ஒரே இடத்தில் நின்று நிறுத்துக் கொடுப்பது அலுக்காதா?

அலுக்கும் என்றுதான் நானும் நினைத்தேன், தங்கை. ஆனால் கடை திறந்த இரண்டாம் கிழமையே என் எண்ணம் மாறிவிட்டது. வயதான அம்மா ஒருவர் வந்து, "பிள்ளை, அந்தச் சாமான் இருக்கெல்லே, எறும்புக்குச் சுவரோரம் போடுறது" என்றார். எறும்புப் பொடியை எடுத்துக் காட்டினேன், இல்லை என்றார். அந்துருண்டையைக் காட்டினேன், அதுவும் இல்லை. முன்பு யார் வீட்டில் அதைப் பார்த்தீர்கள், என்ன நிறம், கையில் ஒட்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனபோது, அவர் தேடி வந்தது மஞ்சள் தூள் என்று தெரிந்தது. கறிக்கு நாள்தோறும் கையாளும் பொருளின் பெயர் அந்த ஒரு கணத்தில் அவருக்கு நினைவில் வரவில்லை. நான் எடுத்து நீட்டியதும் அவர் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை விற்பனைக் கணக்கில் எங்கும் எழுத முடியாது. ஐம்பது கிராம்தான் வாங்கினார். கேட்பவரின் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் தேவையைக் கண்டுபிடிக்கும் இந்த வேலை ஒவ்வொரு நாளும் வேறு வேறு வடிவில் வருவதால், பதினைந்து ஆண்டுகளுக்கு அண்மையாகியும் எனக்கு அலுப்புத் தட்டவில்லை.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒருவர்: சின்னப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பினால் பாதிச் சாமானை மறந்துவிட்டு வருகிறார்கள். கடைக்காரர் என்ன செய்யலாம்?

என் கடைக்கு வரும் ஒரு சிறுவன், ஒழுங்கையின் முனையிலிருந்தே "சீனி அரைக் கிலோ, பருப்புக் கால் கிலோ, தேயிலை நூறு" என்று பாடமாக்கிக்கொண்டே வருவான். வழியில் ஒரு நாய் குரைத்தால் தேயிலை மறந்துபோகும். அவனைத் திருப்பி அனுப்பாமல், "அம்மா இப்ப அடுப்பில என்ன வைச்சிருக்கிறா?" என்று கேட்பேன். கேத்தில் கொதிக்கிறது என்று சொல்லும்போதே அவனுக்குத் தேயிலை நினைவுக்கு வந்துவிடும். மிச்சக் காசை அவன் உள்ளங்கையில் வைத்து என்னோடு சேர்ந்து எண்ணச் சொல்வேன். இதற்கு ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவாகும். பின்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் அதைப் பொறுத்துக்கொள்வதோடு, தாங்களும் சேர்ந்து எண்ணுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி: போரில் கையையோ காலையோ இழந்தவர்கள் நம் கடைகளுக்கு வருகிறார்கள். உதவப் போனால் மனம் நோவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

மிகத் தேவையான கேள்வி, தம்பி. எனக்கும் தொடக்கத்தில் இந்தத் தயக்கம் இருந்தது. ஒரு கை இல்லாத ஐயா ஒருவர் கிழமைக்கு ஒருமுறை ஐந்து கிலோ அரிசி வாங்க வருவார். பையைத் தூக்கிச் சைக்கிளில் வைத்துத் தரவா என்று முதல் நாள் கேட்டேன். வேண்டாம் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டார். அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பையின் வாயை நான் இறுக்கி முடிந்து கொடுத்திருந்ததால், அதைக் கைபிடியில் மாட்டுவதற்கு அவர் பட்ட சிரமம் எனக்குப் புரிந்தது. அடுத்த கிழமை ஐந்து கிலோவையும் இரண்டரை இரண்டரையாகப் பிரித்து, ஒவ்வொரு பையின் வாயிலும் ஒரு சாண் அகலத்தில் கயிற்று வளையம் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கைபிடியிலும் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு, சைக்கிள் ஒரு பக்கம் சாயாமல் போனார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதத்திற்குப் பின் தன் வளவில் காய்த்த தேசிக்காய் பத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "வளையம் நல்லாயிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே உதவியைச் சாமான் கட்டும் முறையிலும் கடையின் அமைப்பிலும் வைத்துவிடுங்கள். அப்போது அதை அவர் கேட்கவும் வேண்டியதில்லை, நீங்கள் சொல்லிக்காட்டவும் வேண்டியதில்லை. ஊன்றுகோலுடன் வருபவர் சாய்ந்து நிற்பதற்கு வாசலருகே ஒரு திண்ணை, சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒரு தட்டு, படியின் பக்கத்தில் ஒரு சரிவு ஆகியவற்றுக்குப் பெரிய செலவு வராது. சரிவு போட்ட பிறகு, தலையில் மூட்டையோடு வரும் அம்மாக்களும் அதன் வழியாகத்தான் ஏறுகிறார்கள்.

மல்லாவியிலிருந்து ஒரு கடைக்காரர்: கடன் கொப்பியைப் பற்றி எழுதுங்கள். மகிழ்ச்சி என்று அங்கே எதைச் சொல்வீர்கள்?

கடன் தலையிடிதான், அதை மறைக்க மாட்டேன். வாங்குபவரின் முன்னிலையிலேயே எழுதுங்கள், தொகையை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள், ஓர் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் காலபோக நெல்லை விதைத்தவரின் கையில் மாசி, பங்குனி அறுவடை வரைக்கும் காசு நிற்பதில்லை என்பது நமக்குத் தெரிந்ததே. அறுவடை முடிந்ததும் வந்து, தன் பக்கத்தைக் குறுக்கே வெட்டும்படி சொல்லி, வெட்டி முடியும்வரை பார்த்து நிற்பவரின் நிமிர்வைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். தைப்பூசத்திற்குப் புதிர் எடுத்த, அதாவது புது நெல்லை முதன்முதலாக எடுத்துவந்த, வீட்டிலிருந்து முதல் அரிசியில் ஒரு சுண்டு என் கடைக்கும் வருகிறது. கடன் கொடுத்தவள் என்பதற்காக அது வருகிறது என்று நான் நினைக்கவில்லை. அந்த வயல் மழைக்குத் தாங்குமா என்று நான்கு மாதமாக அவர்களோடு சேர்ந்து வானத்தைப் பார்த்தவளாயிற்றே நான்.

வவுனியாவிலிருந்து ஒருவர்: 2022 இல் பொருளாதார நெருக்கடியால் தட்டுப்பாடு வந்தபோது வாடிக்கையாளர்களோடு சண்டை வரவில்லையா?

வந்தது. அந்த ஆண்டு ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியபோது, சிறு வள்ளங்களில் தொழிலுக்குப் போகும் அளம்பில் பக்கத்துக் குடும்பங்களின் செலவுக் கணக்கே குலைந்துபோயிற்று. அவர்களின் கோபம் என் முன்னால் கொட்டியது. அவர்கள் கோபப்பட வேறு ஆள் கிடைக்கவில்லை. பால்மா 400 கிராம் பொதிகள் ஆறோ ஏழோ வரும், கேட்பவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கே முதலில் கொடுப்பேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒருவர் என்னை ஏசிவிட்டுப் போனார். ஆனால் வரிசையில் மூன்றாவதாக நின்ற ஒரு பெரியவர் தன் முறை வந்ததும், பின்னால் பிள்ளையோடு நின்ற பெண்ணைக் காட்டி, "அந்தப் பிள்ளைக்குக் குடுங்கோ, நாங்கள் வெறுந்தேத்தண்ணி குடிப்பம்" என்றார். அன்றிலிருந்து வரிசையே தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொண்டது. ஏசிவிட்டுப் போனவரும் மறுகிழமை வந்து, கடையின் பின்பக்கத்தில் ஒழுகிய கூரைக்குத் தகரம் அடித்துத் தந்தார்.

மாங்குளத்திலிருந்து ஒரு மாணவி: நகரங்களில் பெரிய அங்காடிகள் வருகின்றனவே?

வரட்டும். ஒரு முட்டையும் ஒரு தேசிக்காயும் ஒரு கை கறிவேப்பிலையும் அங்கே கொடுக்க மாட்டார்கள்.

கனடாவிலிருந்து ஒருவர்: எங்கள் அம்மா ஊரில் தனியாக இருக்கிறா. பக்கத்துக் கடைக்காரரிடம் எதையாவது எதிர்பார்க்கலாமா?

தாராளமாக எதிர்பார்க்கலாம், வாய்விட்டுக் கேளுங்கள். என்னிடம் அப்படி நான்கு அம்மாமாரின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களில் ஒருவர் காலை ஏழு மணிக்கு அரை இறாத்தல் பாணுக்கு வருவார். ஏழரை வரை காணாவிட்டால் நானே பாணை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவேன். ஒருநாள் அப்படிப் போனபோது காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்தா. முச்சக்கரவண்டியைக் கூப்பிட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். இப்போது நான் ஒரு நாள் கடை திறக்கப் பிந்தினால், "என்ன பிள்ளை, சுகமில்லையோ?" என்று என் வீட்டுப் படலையைத் தட்டுவது அவதான்.

முல்லைத்தீவிலிருந்து ஒருவர்: மறக்க முடியாத வாடிக்கையாளர் யார்?

வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கல் காலத்தில் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்திற்கு நடந்து போகும் அடியார்களைச் சொல்லலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் மனதில் நிற்பவர் இன்னொருவர். பாடசாலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் அவர். ஒரு மாலை பேரனோடு வந்து, வெறும் ஜாம் போத்தல் ஒன்று இருக்குமா என்று கேட்டார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் எளிதில் கிடைக்காத வன்னியில், போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, சிறிது எண்ணெய் ஊற்றி, கம்பியில் நூல்திரியைத் தொங்கவிட்டு எரித்த விளக்கில்தான் எங்கள் வயதினர் படித்தோம். அதைப் பேரன் நம்பவில்லையாம். என்னிடம் வெறும் போத்தல் இல்லை. உள்ளே போய், வீட்டுப் போத்தலில் மிஞ்சியிருந்த ஜாமை ஒரு கிண்ணத்தில் வழித்துவிட்டுக் கழுவிக் கொண்டுவந்தேன். பஞ்சு, நூல், கம்பித் துண்டு, விரற்கடை அளவு மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் மேசையிலேயே வைத்து மூவருமாகச் செய்தோம். மின்குமிழை நிறுத்தினேன். சாமான் வாங்க வந்தவர்கள் இருளில் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பேரன் தன் கணக்குக் கொப்பியை அந்தச் சுடருக்குக் கிட்டப் பிடித்து, ஒரு வரியை எழுத்துக்கூட்டி வாசித்தான்.