பந்தை உருட்டி ஆடும் பௌல்ஸ் விளையாட்டை உள்ளரங்கில் ஆடும் ஒரு வீராங்கனையின் விளையாட்டு வாழ்க்கை எப்படி அமைகிறது?

உள்ளரங்கில் மட்டுமே ஆடிப் பெயர் பெற்றவர்களும் உண்டு என்றாலும், உள்ளரங்கு, வெளிக்களம் ஆகிய இரண்டிலும் வென்ற வட அயர்லாந்தின் மார்கரெட் ஜான்ஸ்டனையே நான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

1986 எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் ஃப்ரெடா எலியட்டுடன் இணைந்து இரட்டையர் தங்கம் வென்ற அவர், 1988, 1989 ஆகிய இரு ஆண்டுகளிலும் மகளிர் உலக உள்ளரங்க ஒற்றையர் பட்டத்தைக் கைப்பற்றினார். பிறகு வெளிக்களத்தில் 1992-இல் உலக ஒற்றையர் பட்டமும், 1994-இல் காமன்வெல்த் ஒற்றையர் தங்கமும் வந்தன. எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் 2000-இல் மீண்டும் உலக ஒற்றையர் பட்டத்தை வென்றதுதான் என் பார்வையில் அவருடைய ஆகப்பெரிய சாதனை.

இவ்வளவு நீண்ட காலம் முன்னணியில் நிற்க முடிவதற்கு ஆட்டத்தின் தன்மையும் ஒரு காரணம். ஜாக் எனப்படும் சிறு வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் தன் பந்தை நிறுத்துவதே நோக்கம். ஆனால் ஆடும் பந்து ஒருபக்கச் சாய்வுடன் செய்யப்பட்டிருப்பதால் நேராக ஓடாது. வேகம் குறையக் குறைய வளைவு கூடி, கடைசி சில அடிகளில் சட்டென்று உள்ளே திரும்பும். உள்ளரங்கின் கம்பள விரிப்பில் காற்றும் ஈரமும் குறுக்கிடுவதில்லை என்பதால், வேகத்தைக் கணிக்கும் கைப்பழக்கமே வெற்றியைத் தீர்மானிக்கிறது. ஓட்டப் பந்தயக்காரரின் கால்வலிமை தேய்வதைப் போல, அந்தப் பழக்கம் முப்பது வயதைத் தாண்டியதும் தேய்ந்துவிடுவதில்லை.