பையன் சேர்த்த கிரிக்கெட் கார்டுகளை என்ன செய்வது?

மாம்பலம் வீட்டில் பையன் விட்டுப்போன கிரிக்கெட் கார்டுகள் ஷூ டப்பா நிறைய இருக்கின்றன, விலை போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரிய காசை எதிர்பார்க்காதீர்கள். 1952-ல் டாப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட, மிக்கி மேன்டல் என்ற வீரரின் பேஸ்பால் கார்டு 2022-ல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது உண்மைதான். ஆனால் அது பழையது, அரியது, ஓரம் மடங்காதது. நம் வீட்டு கிரிக்கெட் அட்டாக்ஸ் (வீரர் படம் போட்டு விளையாட வரும் அட்டைகள்) கார்டுகள் கடைக்குக் கடை கிடைத்தவை. ரப்பர் பேண்டில் தேய்ந்து, சென்னை ஈரக்காற்றில் வளைந்தும் போயிருக்கும். வீரர் கையெழுத்திட்டதோ, கொஞ்சமே அச்சடித்து ஒவ்வொன்றிலும் வரிசை எண் போட்டதோ இருந்தால் மட்டும் தனியே எடுத்து, படம் பிடித்து, சேகரிப்பாளர் குழுக்களில் போட்டுப் பாருங்கள். அடியில் எண்பதுகளின் பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கார்டு ஏதாவது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அதற்கு ஏங்குகிற நாற்பதைத் தாண்டிய ஆட்கள் உண்டு (நானும்தான்).

மீதியைப் பழைய பேப்பர் கடையில் போட்டால் ஒன்றும் தேறாது. பளபளக்கும் கார்டுகளில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பதால் காகிதமாக மறுசுழற்சி செய்வதும் கடினம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் பையனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.