சமூக அளவில் உடல் பருமனைத் தடுப்பது என்றால் என்ன?

ஒவ்வொருவரிடமும் போய் "குறைத்துச் சாப்பிடுங்கள்" என்று சொல்வதல்ல அது. ஊரில் என்ன விற்கிறது, எப்படி விற்கிறது என்பதையே மாற்றுவது.

பள்ளி வாசலில் வண்டிகள் சீறிப் பாய்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர்களுக்கு அறிவுரை சொல்லலாம்; ஒரு வேகத்தடையும் போடலாம். இரண்டாவதுதான் தினமும் வேலை செய்யும்.

சிலி நாடு 2016-ல் அப்படியொரு வேகத்தடை போட்டது. சர்க்கரை, உப்பு அல்லது நிறைவுற்ற கொழுப்பு சேர்த்துத் தயாரித்த உணவில், இவற்றிலோ கலோரியிலோ எது வரம்பைத் தாண்டினாலும் பாக்கெட்டின் முன்பக்கத்தில் எண்கோண வடிவில் கறுப்பு முத்திரை இருக்க வேண்டும். நான்கும் தாண்டினால் நான்கு முத்திரை. பொடி எழுத்துப் பட்டியலைத் தேடிப் படிக்க வேண்டாம். கைக்குழந்தையோடு கடைக்கு வரும் அம்மாவுக்கு ஒரு பார்வை போதும். முத்திரை விழுந்த பண்டத்தைப் பள்ளியில் விற்கக் கூடாது, 14 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யவும் கூடாது. காலை உணவுத் தானியப் பெட்டிகளில் சிரித்த கார்ட்டூன் புலிகூட மறைந்தது. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. ஐந்து வயதுக் குழந்தையிடம் போய் மன உறுதியை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

பலரும் தவறாக நினைப்பது ஒன்று: முத்திரை இல்லாததெல்லாம் சத்தானது என்று. சர்க்கரை சேர்க்காத பழச்சாறுக்கு அங்கே முத்திரை கிடையாது. ஆனால் பழத்திலுள்ள சர்க்கரை அதில் அப்படியே இருக்கிறது.