காரணீய அடிமானத்தில், அதாவது 1, 10, 100 என்பதற்குப் பதில் 1, 2, 6, 24 என்ற காரணீயங்களை இடமதிப்பாக வைத்து, எண்களை எழுதுவது வெறும் விளையாட்டா? அதில் பிறக்கும் தொடர்வரிசைகளுக்குப் பொருள் உண்டா?

உண்டு. அதில் ஒரு தொடர்வரிசையையாவது ப்ளஸ் ஒன் மாணவர்கள் எல்லோரும் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. தருமபுரியில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வரிசை மாற்றங்கள் (பொருள்களை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் என்ற) பாடம் வந்தால் இதையும் சேர்த்துத்தான் நடத்துவேன்.

முதலில் எழுதும் முறை. காரணீயம் என்பது 1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி வருவது, 4! = 1·2·3·4 = 24. வலமிருந்து இடமதிப்புகள் 1!, 2!, 3!, 4! என்று போகும், அதாவது 1, 2, 6, 24, 120, 720. முதல் இடத்தில் 1 வரை, இரண்டாவதில் 2 வரை, மூன்றாவதில் 3 வரை இலக்கம் வரலாம். இடத்துக்கு இடம் வரம்பு மாறுவதில் குழப்பமே வேண்டாம், மணி நிமிடம் நொடியிலும் அப்படித்தானே.

தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965-ல். அதில் இரண்டு 720, நான்கு 120, ஒரு 24, மூன்று 6, ஒரு 2, ஒரு 1 இருக்கின்றன. எழுதினால் 241311. கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004-ஐ எழுதினால் 243200. கடைசியில் இரண்டு சுழியம் வந்ததால் 2004 என்பது 3!-ஆல், அதாவது 6-ஆல் வகுபடும், 24-ஆல் வகுபடாது என்று வகுத்துப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஓர் எண்ணுக்கு ஒரே ஒரு வடிவம்தான் வரும். காரணம், 1·1! + 2·2! + ... + k·k! என்பது (k+1)!-ஐ விடச் சரியாக ஒன்று குறைவு. இடைவெளியும் இல்லை, இரட்டிப்பும் இல்லை.

இனி நான் சொல்ல வந்த தொடர்வரிசை. 0, 1, 2 என ஒவ்வோர் எண்ணையும் இப்படி எழுதி இலக்கங்களைக் கூட்டுங்கள்: 0, 1, 1, 2, 2, 3, 1, 2, 2, 3, 3, 4, 2, 3, 3, 4, 4, 5, 3, 4, 4, 5, 5, 6. கணிதவியலர் நீல் ஸ்லோன் 1964-ல் சேகரிக்கத் தொடங்கி இன்று இணையத்தில் இருக்கும் எண் தொடர்வரிசைகளின் தொகுப்பில் இதன் எண் ஏ034968. முதல் ஆறு உறுப்புகளைப் பாருங்கள். அடுத்த ஆறு அதே ஆறுதான், ஒன்று கூட்டியது. அடுத்த ஆறு இரண்டு கூட்டியது. 24 முடிந்ததும் அந்த 24-ம் மொத்தமாக ஒன்று கூடித் திரும்ப வரும்.

பொருள் எங்கே என்றால் இங்கேதான். அரூர், காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம் என்ற நான்கு ஊர்களை 24 விதமாக வரிசைப்படுத்தலாம். அகராதி முறையில் அடுக்கி 0 முதல் 23 வரை எண் கொடுங்கள். 17-ஆவது வரிசை எது? 24-ஐயும் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. 17-இன் வடிவம் 221. பட்டியலில் இரண்டு ஊரைத் தாண்டினால் பாலக்கோடு, அதை எடுத்துவிட்டு, மீதியில் இரண்டைத் தாண்டினால் பென்னாகரம், மீதியில் ஒன்றைத் தாண்டினால் காரிமங்கலம், கடைசியில் அரூர். இலக்கம் ஒவ்வொன்றும், தனக்குரிய ஊருக்கு முன்னால் நிற்க வேண்டிய எத்தனை ஊர்கள் பின்னால் நிற்கின்றன என்று சொல்கிறது. எனவே 2+2+1 = 5 என்பது தடம் மாறிய, அதாவது அகர வரிசைக்கு மாறாக முன்பின்னாக நிற்கும், ஜோடிகளின் எண்ணிக்கை. பக்கத்துப் பக்கத்து ஊர்களை மட்டுமே இடம் மாற்றி அகர வரிசைக்குக் கொண்டுவரக் குறைந்தது ஐந்து மாற்றம் தேவை. கணினி வகுப்பில் சொல்லித்தரும், பக்கத்துப் பக்கத்து இரண்டை ஒப்பிட்டு மாற்றும் பபிள் சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறை செய்யும் இடமாற்றங்களும் அதே ஐந்துதான்.

பிரெஞ்சுக் கணிதவியலர் லெசான் 1888-லேயே இந்த எண் முறையை வரிசை மாற்றங்களோடு இணைத்து எழுதிவிட்டார். பாடத்தில் nPr சூத்திரம் எத்தனை வரிசைகள் என்று மட்டும் சொல்லும். இந்த இலக்கங்கள் எந்த வரிசை, எவ்வளவு கலைந்தது என்றும் சொல்கின்றன.

நிரல் எழுதத் தெரிந்தாலும் முதல் 24-ஐக் கையால் எழுதுங்கள். பிறகு ஒகேனக்கல்லையும் அகர வரிசைப்படி பட்டியலில் சேர்த்து, ஐந்து ஊர்களின் 120 வரிசைகளில் 100-ஆவது எது என்று கண்டுபிடியுங்கள். 100-இன் வடிவம் 4020.